சிறுதேரும் புகைத்தேரும்
நீராவி எஞ்சின் மாதிரிகள் காட்டும் வரலாறு

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் பாட்டுடைத் தலைவனின் இளமையைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவர். காப்பில் தொடங்கும் அவ்வரிசை, ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேரில் நிறைவுறும். பத்தாம் பருவம் சிறுதேர்ப் பருவம். நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்து மலர் வெளியிடும் இவ்வேளையில் சிறுதேரைப் பற்றி எழுதுவது பொருத்தமுடையதே. எனினும் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிறுதேர் மரத்தேர் அன்று. கரியுண்டு நீராவி உமிழ்ந்து ஓடிய புகைவண்டி எஞ்சினின் சிற்றுரு.

பழைய எஞ்சின் ஒன்றை அளவு மாறாமல் சுருக்கி, நூற்றுக்கணக்கான சிறு பாகங்களைக் கோத்து மாதிரி செய்வது இன்று உலகெங்கும் பலர் மேற்கொள்ளும் பொழுதுபோக்கு. அது வெறும் பொழுதுபோக்குத்தானா, அன்றி வரலாற்றைக் காக்கும் வழிகளுள் ஒன்றா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். போடி இருப்புப்பாதையின் பழைய தடம் மறைந்துபோன நம் பகுதியில் இவ்வினாவுக்குத் தனிப்பொருள் உண்டு.

இலக்கியம் கண்ட சிறுதேர்

குறுந்தொகையின் 61ஆம் பாடல் தும்பிசேர்கீரனார் பாடியது. தச்சன் செய்து தந்த சிறுதேரைச் சிறுவர் ஏறி ஊர்ந்து இன்புறுவதில்லை. கையால் இழுத்தே இன்புறுகின்றனர். தலைவனோடு கூடி இன்புறாவிடினும் அவன்பால் கொண்ட நட்பை வளர்த்து இன்புறும் ஒருத்தியின் நிலைக்கு இது உவமையாக வந்துள்ளது. மருதத்திணைக்குரிய இப்பாட்டின் அகப்பொருளை ஒருபுறம் நிறுத்தி, உவமையை மட்டும் நோக்கினாலும் ஓர் உண்மை புலப்படும். பயணம் செய்ய உதவாத வண்டியும் இன்பம் தரும். அவ்வின்பம் ஊர்தியின் பயனிலிருந்து பிறப்பதன்று. அதன் வடிவைக் கையகப்படுத்திக்கொள்வதிலிருந்து பிறப்பது. மாதிரி எஞ்சின் செய்வோரின் மனநிலையை இதனினும் தெளிவாக விளக்கும் உவமை வேறொன்றில்லை எனலாம்.

பெரும்பாணாற்றுப்படையும் தச்சர் செய்த, ஏறி ஊராத தேரைப் பேசுகிறது. பட்டினப்பாலையில் வரும் சிறுதேருக்கு மூன்று கால்கள். குதிரையின்றிப் புதல்வர் அதனை உருட்டித் திரிகின்றனர். மூன்று சக்கரமும் குதிரையின்மையும் ஆகிய இவ்விரு குறிப்புகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பொறி என்னும் சொல்லும் நமக்குப் புதிதன்று. மதுரை மதிலில் அமைந்த போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை வரிசைப்படுத்துகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதனை இயக்க விசயைக்குப் பயிற்சியும் அளிக்கிறான். வலப்புறம் திருகினால் எழும்; இடப்புறம் திருகினால் இறங்கும். கற்பனையே ஆயினும், பொறியை இயக்குவோள் ஒரு பெண் என்பது கருதற்குரியது. ஏனெனில் பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேருக்கு இடமில்லை. பெண்மகவுக்கு அம்மானையும் ஊசலுமே வாய்த்தன.

பெரியதற்கு முன் பிறந்த சிறியது

முதலில் உண்மை எஞ்சின் தோன்றியது, பின்னர் அதனைப் பார்த்து மாதிரி செய்தனர் என்றே பலரும் எண்ணுவர். வரலாறு இதற்கு மாறானது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ஜேம்ஸ் வாட்டின் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் மர்டாக் என்பார் 1784ஆம் ஆண்டில் நீராவியால் தானே நகரும் சிறு வண்டி ஒன்றைச் செய்தார். ஏறத்தாழ ஓரடி உயரமே கொண்ட அவ்வண்டிக்கும் மூன்று சக்கரங்கள், குதிரையில்லை. பட்டினப்பாலைச் சிறுவரின் தேருக்கும் இதற்கும் தொடர்பு ஏதும் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும் மனித அறிவு பெரிய செயலுக்குள் புகுமுன் சிறுதேரை உருட்டிப் பார்க்கிறது என்பதற்கு இவ்வொப்புமை நல்ல சான்று.

அவரை அடுத்து ரிச்சர்டு டிரெவிதிக்கும் முதலில் மாதிரிகளையே செய்து பார்த்தார். அதன் பின்னரே, 1804 பிப்ரவரியில், வேல்ஸ் நாட்டுப் பெனிடாரன் இரும்பாலையின் பாதையில் அவருடைய எஞ்சின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துச் சென்றது. 1829இல் ரெயின்ஹில் என்னுமிடத்தில் நடந்த போட்டியில் ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ வென்ற நிகழ்ச்சியை அனைவரும் அறிவர். அவ்வெற்றிக்குப் பின்னால் சிற்றுருக்களின் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட முன்வரலாறு இருந்தது.

கீழைநாடுகளில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1853இல் நாகசாகித் துறைமுகத்துக்கு வந்த ரஷ்யக் கப்பலில், எரிசாராயத்தால் ஓடும் சிறு நீராவி வண்டியை யப்பானியர் கண்டனர். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கப்பற்படைத் தலைவர் பெரி, உண்மை எஞ்சினில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள எஞ்சினைக் கொணர்ந்து யோக்கோகாமாவில் வட்டப்பாதை அமைத்து ஓட்டிக் காட்டினார். வண்டிக்குள் அமர இடம் போதாமையால் யப்பானிய அதிகாரி ஒருவர் நீண்ட மேலங்கி காற்றில் பறக்க அதன் கூரைமீது அமர்ந்து சுற்றிவந்தார். குறுந்தொகைச் சிறுவர் ஊராத தேரை அவர் ஊர்ந்தே பார்த்துவிட்டார்!

இதனினும் முக்கியமானது அடுத்து நிகழ்ந்தது. சாகா நாட்டில் பணியாற்றிய தனக்கா ஹிசாஷிகே என்னும் கைவினைஞர், முன்னர்ப் பொறிப்பாவைகளும் கடிகாரங்களும் செய்து புகழ்பெற்றவர், 1855இல் தம் குழுவினருடன் எரிசாராயத்தால் இயங்கும் எஞ்சின் மாதிரியைத் தாமே உருவாக்கினார். டோக்கியோவுக்கும் யோக்கோகாமாவுக்கும் இடையே யப்பானின் முதல் இருப்புப்பாதை 1872இல்தான் திறக்கப்பட்டது. பாதைக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே அந்நாட்டுக் கைவினைஞர் எஞ்சினைத் தம் கையால் அறிந்திருந்தனர். தனக்கா பின்னர்த் தோற்றுவித்த தொழிற்கூடம் தோஷிபா நிறுவனத்தின் வேர்களுள் ஒன்றாயிற்று.

நம் நாட்டின் நிலை வேறு. சென்னைச் செங்குன்றத்தில் கல் ஏற்றிவர 1837இல் அமைந்த பாதையும், இராயபுரத்திலிருந்து 1856இல் புறப்பட்ட பயணிகள் வண்டியும் ஆங்கிலேயர் தம் தேவைக்கென அமைத்தவை. எஞ்சின் முழுவடிவில் கப்பலில் வந்து இறங்கிற்று. அதனைச் சிறிதாக்கிப் புரிந்துகொள்ளும் இடைப்படி நமக்கு வாய்க்கவில்லை. குவாலியர் அரண்மனை உணவு மேசையில் விருந்தினருக்கு மதுவும் சுருட்டும் சுமந்து ஓடிய வெள்ளி ரயில் ஒன்றுண்டு. அது செல்வத்தைக் காட்டியது, தொழிலறிவை வளர்க்கவில்லை.

விளையாட்டும் வணிகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாதிரி எஞ்சின் தொழிற்கூடத்திலிருந்து குழந்தைகளின் அறைக்குள் நுழைந்தது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் விளையாட்டுத் தண்டவாளங்களுக்கு நிலையான அகலங்களை வகுத்துக் காட்டியது. ஒரு பெட்டியில் வாங்கிய எஞ்சின் மற்றொரு பெட்டியில் வாங்கிய தண்டவாளத்தில் ஓட வழி பிறந்தது. இங்கிலாந்தின் பிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டி எதையும் கட்டலாம் என்னும் மெக்கானோவை முதலில் தந்து, 1920இல் சாவி முடுக்கி ஓட்டும் ரயிலையும் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

பாகங்களைத் தனித்தனியே வார்த்துப் பெட்டியிலிட்டு, வாங்குவோரே ஒட்டி முடிக்குமாறு தரும் ‘கிட்’ இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெருகிற்று. 1950களின் இறுதியில் இங்கிலாந்தின் கிட்மாஸ்டர் வரிசையில் பிளாஸ்டிக் எஞ்சின்கள் வந்தன. ‘ராக்கெட்’ எஞ்சினும் அவற்றுள் ஒன்று. அக்காலத்தை நோக்குக. மேலைநாட்டு ரயில்வேக்கள் நீராவியைக் கைவிட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. எஞ்சின் தண்டவாளத்திலிருந்து இறங்கிய பொழுதில்தான் மேசைமீது ஏறியது. முன்பு வரப்போவதை அறிவித்த சிற்றுரு, இப்போது மறைந்துபோவதை நினைவில் நிறுத்தும் கருவியாயிற்று.

அளவும் அதன் எல்லையும்

மாதிரி செய்வோர் முதலில் கற்பது விகிதம். மிகுதியாக வழங்கும் விகிதம் 87இல் ஒன்று. இதற்குரிய தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இதனை 87ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர் கிடைக்கும். இது ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை அகலம். நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். அதே விகிதத்தில் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதல் வேண்டும். ஆகவே கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் இந்திய அகலப்பாதை எஞ்சினின் மாதிரியை நிறுத்தினால், உடல் நம்முடையதாகவும் கால் அயலாருடையதாகவும் அமையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் டல்ஹௌசி இந்தியாவுக்கென ஐந்தடி ஆறங்குலத்தைத் தேர்ந்த முடிவு, இன்று மேசைமீது இரண்டே முக்கால் மில்லிமீட்டர் வேறுபாடாக எஞ்சி நிற்கிறது.

நாம் நன்கறிந்த மீட்டர்கேஜ், மேயோ ஆட்சிக்காலத்தில் 1870ஐ ஒட்டி எடுத்த முடிவின் விளைவு. செலவைக் குறைக்கக் குறுகிய பாதை வேண்டியிருந்தது. இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறும் என்னும் எதிர்பார்ப்பில் சரியாக ஒரு மீட்டர் என வகுத்தனர். 87இல் ஒன்றாக்கினால் அது 11.5 மில்லிமீட்டர், மாதிரி உலகில் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் கிடைப்பதால் வேறுபாடு அரை மில்லிமீட்டரே. சுதந்திர இந்தியாவின் மீட்டர்கேஜில் பயணிகள் வண்டிக்கு ஒய்.பி., சரக்கு வண்டிக்கு ஒய்.ஜி. என இருவகை எஞ்சின்கள் பெரிதும் ஓடின. இரண்டுக்கும் கொதிகலன் ஒன்றே. ஒய்.பி.யின் இயக்குசக்கரம் 1372 மில்லிமீட்டர், ஒய்.ஜி.யினது 1219. மாதிரியில் இவை முறையே ஏறத்தாழ 15.8, 14 மில்லிமீட்டராகும். விரைவுக்குப் பெரிய சக்கரம், இழுவைக்குச் சிறிய சக்கரம் என்னும் பொறியியல் பாடம் இவ்விரு எண்களில் அடங்கிவிடுகிறது. அளந்து ஒட்டும் மாணவர் அதனை மறப்பதில்லை.

ஆயினும் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. நீளம் 87இல் ஒன்றானால் பரப்பு 7,569இல் ஒன்று. கனஅளவு 6,58,503இல் ஒன்று. 60 டன் எஞ்சினை அதே பொருளால் அவ்வளவில் செய்தால் அதன் எடை 91 கிராம் அளவே இருக்கும். கொதிகலன் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் நீரோடு ஒப்பிட அதன் புறப்பரப்பு மிகும்; வெப்பம் விரைந்து வெளியேறும். அதனால்தான் மிகச் சிறிய மாதிரிகளுக்குள் நீராவிக்கு மாறாக மின்மோட்டாரை வைக்கின்றனர். உண்மை நீராவியால் ஓடும் மாதிரிகள் ஓரளவேனும் பெரியனவாக அமைகின்றன. உருவைச் சுருக்கலாம், இயற்கை விதியைச் சுருக்கவியலாது.

சிறியதைக் கொண்டு பெரியதைச் சோதித்தல் நம் ஊரோடும் தொடர்புடையது. பொட்டிப்புரம் என்னும் பெயரை உலகம் அறிந்தது நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால். 50,000 டன் இரும்பாலான கருவி இம்மலைக்குள் அமையும் என்றனர். அதன் சிற்றுருவாக 85 டன் கருவி ஒன்று மதுரையில் அமைந்தது. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. பெரிய கருவி இங்கு எழவில்லை. அத்திட்டத்தின் நன்மை தீமை இக்கட்டுரைக்குரிய பொருளன்று. சிற்றுரு மட்டும் நின்று பேருரு வாராமலும் போகலாம் என்பதே ஈண்டுக் குறிக்கத்தக்கது.

பொன்மலை காட்டிய வழி

பேருரு மறைந்த பின் அதனை மீண்டும் ஆக்கிய சான்றும் தமிழகத்தில் உண்டு. மேட்டுப்பாளையம்–உதகை மலைப்பாதை 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899இலும் உதகைக்கு 1908இலும் வண்டி ஓடியது. 12 அடி நகர ஓரடி உயரும் அளவுக்குச் செங்குத்தான பகுதிகளில், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்துள்ளனர். அதில் பல்லைப் பதித்து ஏறும் எக்ஸ் வகை எஞ்சின்களை ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை செய்தளித்தது. நான்கு உருளைகளுள் இரண்டு சக்கரங்களை உருட்டும். அவற்றில் உழைத்து வெளிவரும் நீராவியே மற்ற இரண்டில் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அவ்வெஞ்சின்கள் முதுமையுற்றபோது, திருச்சி பொன்மலைத் தொழிற்கூடத்தார் அதே வகை எஞ்சினைப் புதிதாகக் கட்ட முற்பட்டனர். 2011இல் எண்ணெயால் எரியும் புதிய எஞ்சின் ஒன்று வெளிவந்தது. அதன்பின் மேலும் சில வந்தன. 2021இல் நிலக்கரியால் இயங்குவதும் வந்தது. சித்தரஞ்சன் ஆலை 1972இல் தன் இறுதி நீராவி எஞ்சினை அனுப்பிவிட்ட நாட்டில், ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து இக்கைத்தொழில் மீண்டும் உயிர்பெற்றது. பெரம்பூர்த் தொழிற்கூடமும் 1855இல் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ‘எக்ஸ்பிரஸ்’ எஞ்சினை 2010இல் மீண்டும் ஓடவைத்தது. இவ்விரண்டும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. பொருள் எஞ்சியிருந்தாலோ அதன் அளவுகள் எஞ்சியிருந்தாலோ அறுந்த தொழிலறிவை மீண்டும் முடிந்துகொள்ள இயலும். இரண்டும் அற்றுப்போயின் இயலாது.

நம் பள்ளத்தாக்கின் பாதைகள்

இவ்விடத்தில் நம் நிலத்துக்கு வருவோம். பொன்மலைத் தொழிற்கூடம் இயங்கத் தொடங்கிய 1928ஆம் ஆண்டிலேயே மதுரை–போடிநாயக்கனூர்ப் பாதையும் திறக்கப்பட்டது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மலையின் ஏலமும் தேயிலையும் சமவெளிக்கு இறங்க அது வழியாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது அப்பாதையைப் பெயர்த்து எடுத்துவிட்டனர். தண்டவாளமும் போருக்குச் சென்றது! 1950களில் மீண்டும் பாதை அமைந்தது. நீராவி எஞ்சின்கள் காலப்போக்கில் டீசலுக்கு வழிவிட்டன. அகலப்பாதையாக்கும் பணிக்கென 2010 இறுதியில் மீட்டர்கேஜ் வண்டியும் நின்றது. தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் மாதமும் அகலப்பாதை வண்டி வந்து சேர்ந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் வளர்ந்த குழந்தைகள் ரயில் காணாமலேயே இங்கு வளர்ந்தனர்.

மேலேயுள்ள மலையில் இன்னொரு பாதையும் இருந்தது. மூணாற்றுத் தேயிலைக்கென 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. அதன் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அது ஈரடி அகலக் குறும்பாதையாகி, நீராவி எஞ்சினும் ஓடிற்று. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலை, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணி அருகே கொட்டகுடியில் இறங்கிப் போடிக்கு வந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் எழவில்லை. டாப் ஸ்டேஷன் என்னும் பெயரைச் சொல்லிச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் ஏறுகின்றனர். அங்கு ரயில் நின்றதென்பதை அறிந்தவர் சிலரே. பொருள் போய்ப் பெயர் மட்டும் எஞ்சியதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

சொல்லும் ஒரு பாகமே

மாதிரி செய்வோர் ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி எடுப்பர். தமிழாசிரியர் கருத்தூன்ற வேண்டிய இடம் இது. ஈழத்தமிழர் இவ்வூர்தியைப் புகையிரதம் என்றனர், இரதமாவது தேர். நாம் புகைவண்டி என்றோம், தொடர்வண்டி என்றோம், பேச்சில் ரயில் என்றோம். சிக்னலைக் கைகாட்டி என்றது மக்கள் வழக்கு. கை நீட்டினால் நில், இறக்கினால் செல் என அப்பெயரே அதன் செயலையும் சொல்லிவிட்டது. நிலையத்தை ரயிலடி என்றனர். தேரடி என்னும் பழஞ்சொல்லின் வழிவந்த ஆக்கம் அது. அறிஞர் அமர்ந்து ஆக்கிய கலைச்சொற்களினும் இவை உறுதியாக நின்றன. வண்ணவிளக்குகள் வந்தபின் கைகாட்டி மரங்கள் அகன்றன. சொல்லும் அகலத் தொடங்கிவிட்டது. கரி தள்ளிய பயர்மேன்களும், தண்டவாளத்தைச் சுமந்த கேங்மேன்களும் தமக்குள் வழங்கிய சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறியதாகத் தெரியவில்லை. அவர்களுள் இன்று இருப்போர் முதுமையுற்றவர்.

செய்யத்தக்கது

கடைகளில் கிடைக்கும் கிட்டுகள் பெரும்பாலும் அயல்நாட்டு எஞ்சின்களுக்கு உரியவை. அவற்றை ஒட்டிப் பழகுவது கைப்பயிற்சிக்கு உதவும். நமக்கு வேண்டுவது ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்த மீட்டர்கேஜ் வண்டியின் சிற்றுரு. அட்டையாலும் தேக்குச் சிம்பாலும் கூட அதனைச் செய்யலாம். தச்சன் செய்த சிறுதேருக்கு மரபுரிமை நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக உண்டு. அருங்காட்சியகங்களில் நிற்கும் மீட்டர்கேஜ் எஞ்சினை அளந்து வரையலாம். வீடுகளில் உள்ள பழைய புகைப்படங்களைப் படியெடுக்கலாம். ரயில்வேயில் உழைத்த முதியோரை அணுகி, ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்கள் வழங்கிய சொல்லைக் கேட்டு, மாதிரியின் அடியில் அச்சொல்லையே எழுதி வைக்கலாம். அப்பணியில் மாணவியருக்கும் சமபங்கு வேண்டும். ஊசலோடு நின்றுவிடும் காலம் கடந்துவிட்டது. விசயை பொறி ஓட்டியவள்.

நம் வட்டம் இதுகாறும் ஏட்டிலுள்ள தமிழைப் போற்றி வந்துள்ளது. எஞ்சின் அருகே வெந்து உழைத்தவர் நாவிலிருந்த தமிழும் போற்றத்தக்கதே. அதனைத் திரட்டும் காலம் மிகக் குறுகியது. மரத்தையும் இரும்பையும் எப்போது வேண்டுமாயினும் அளக்கலாம். மனிதர் நினைவு காத்திருப்பதில்லை. பதினோராம் ஆண்டின் முதற்பணியாக வட்டம் இதனை மேற்கொள்ளுமாயின், பிள்ளைத்தமிழில் இறுதிப் பருவமாகிய சிறுதேர் நமக்குத் தொடக்கப் பருவமாக அமையும்.